சென்னையிலிருந்து டோக்கியோ: சுற்றுவழி ஏன் மலிவு, அந்த மலிவு எவ்வளவு உண்மை?

பூமியின் வளைவையொட்டி அளந்தால் சென்னையிலிருந்து டோக்கியோ சுமார் 6,500 கிலோமீட்டர். கோலாலம்பூர் வழியாகப் போனால் அதுவே 8,000 கிலோமீட்டரைத் தொடும். கூடுதலாக 1,500 கிலோமீட்டருக்கு எரிபொருள், இரண்டு விமானங்களுக்கு ஊழியர்கள், நடுவில் இன்னொரு விமான நிலையத்துக்குக் கட்டணம் என்று நிறுவனத்துக்குச் செலவு கூடத்தான் செய்கிறது. ஆனாலும் தேடல் பட்டியலில் மலிவான வரிசையின் உச்சியில் பெரும்பாலும் இத்தகைய சுற்றுவழிகளே வந்து நிற்கின்றன.

குழப்பம் அதோடு முடிவதில்லை. ஒருவருக்குத் தேடினால் ஒரு விலை, நால்வருக்குத் தேடினால் தலைக்கு வேறு விலை வருகிறது. போக மட்டும் வாங்கினால், சில நேரம் போகவர வாங்குவதைவிட அதிகமாகிறது. இவற்றைக் கணினிக் கோளாறு என்றோ, நம்மைக் கண்காணித்து விலையேற்றுகிறார்கள் என்றோ எண்ணுபவர்கள் உண்டு. உண்மையில் இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் எங்கே தேடுவது, எதை விட்டுவிடுவது என்பதும் விளங்கும்.

விலை தூரத்தைப் பொறுத்தது அல்ல

விமான நிறுவனம் கிலோமீட்டரை விற்பதில்லை. ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைத்து, அந்த இணைப்புக்கு விலை வைக்கிறது. சென்னை–கோலாலம்பூர் ஒரு சந்தை. கோலாலம்பூர்–டோக்கியோ இன்னொரு சந்தை. சென்னை–டோக்கியோ மூன்றாவது சந்தை. முதல் இரண்டின் விலையைக் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சென்னையிலிருந்து டோக்கியோவுக்கு நேரடி விமானம் இருந்த காலமும் உண்டு. ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் 2019 அக்டோபரில், டோக்கியோவின் விமான நிலையங்களில் ஒன்றான நரிட்டாவுக்கும் சென்னைக்கும் இடையே சேவையைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஜப்பானிய ஆலைகளுக்கு வந்துபோகும் அதிகாரிகள்தான் அதற்கு இயல்பான வாடிக்கையாளர்கள். நிறுவனச் செலவில் பறப்பவர்கள் நேரத்தைச் சேமிக்கக் கூடுதல் பணம் தருவார்கள். அந்தச் சேவை 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. நேரடி விமானம் ஓடும் வழித்தடத்திலும் சொந்தப் பணத்தில் போகிறவருக்கு அது மலிவான வழியாக இருப்பது அரிது. நேரம் மிச்சமாகிறது என்பதற்கே அங்கே விலை வைக்கப்படுகிறது.

சுற்றுவழிக்காரர்களின் நிலைமை வேறு. 1944-இல் சிகாகோவில் நடந்த பன்னாட்டு விமானப் போக்குவரத்து மாநாட்டுக்குப் பிறகு, எந்த நாட்டு விமானம் எங்கே போகலாம் என்பதை நாடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகப் பேசி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இந்த உரிமைகளுக்கு எண் வைத்துச் சொல்வது வழக்கம். நமக்கு வேண்டியவை இரண்டு:

1. ஐந்தாம் உரிமை: தன் நாட்டிலிருந்து கிளம்பும் விமானம், வழியில் வேறொரு நாட்டில் இறங்கி, அங்கே பயணிகளை ஏற்றிக்கொண்டு மூன்றாவது நாட்டுக்குப் போகலாம். சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனம் தைபே வழியாக நரிட்டாவுக்கு விமானம் இயக்கியது இந்த வகை.
2. ஆறாம் உரிமை: இரண்டு அயல் நாடுகளுக்கு இடையே, தன் நாட்டு நகரம் வழியாகப் பயணிகளைக் கொண்டுபோவது. சென்னைப் பயணியை இந்திய–மலேசிய ஒப்பந்தத்தின்படி கோலாலம்பூருக்கும், அங்கிருந்து மலேசிய–ஜப்பான் ஒப்பந்தத்தின்படி டோக்கியோவுக்கும் மலேசிய விமானம் கொண்டுபோகிறது.

மலிவு பிறக்கும் இடம் இந்த ஆறாம் உரிமைதான். சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானப் போக்குவரத்தே கிடையாது. மலேசியா, இலங்கை, ஹாங்காங் ஆகியவற்றின் நிறுவனங்களுக்கும் உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பி இத்தனை பெரிய விமானங்களை நிரப்ப முடியாது. மீதி இருக்கைகளை வெளியூர்ப் பயணிகளைக் கொண்டே நிரப்ப வேண்டும். சென்னை–டோக்கியோ பயணிக்காக மலேசிய, தாய்லாந்து, சிங்கப்பூர், இலங்கை, ஹாங்காங் நிறுவனங்கள் ஒரே நேரத்தில் போட்டியிடுகின்றன. யாரிடமும் தனிச்சிறப்பு இல்லை. எல்லோரும் நடுவில் இறங்கித்தான் ஏற வைக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் போட்டியிட விலை ஒன்றுதான் மிச்சம்.

இதன் விளைவு ஒன்று பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். கொழும்பிலிருந்து டோக்கியோவுக்கு நேரடியாகப் போகும் இலங்கைப் பயணி, சென்னையில் ஏறி கொழும்பு வழியாக அதே விமானத்தில் போகும் பயணியைவிட அதிகம் கொடுத்திருக்கக்கூடும். கொழும்புக்காரருக்கு அது நேரடி விமானம். சென்னைக்காரருக்கோ அது ஐந்தாறு சுற்றுவழிகளில் ஒன்று.

ஒரே விமானம், பல விலை

அடுத்த அடிப்படை, கட்டண அடுக்கு. சாதாரண வகுப்பில் 200 இருக்கைகள் இருந்தால் 200-க்கும் ஒரே விலை கிடையாது. நிறுவனம் அவற்றைப் பத்துப் பன்னிரண்டு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைச் சூட்டுகிறது. அடிமட்ட அடுக்கில் சில இருக்கைகளே இருக்கும். தேதி மாற்ற முடியாது, பணம் திரும்பாது. மேலடுக்குகளில் விலை கூடும், நிபந்தனை தளரும். கீழடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கின் விலை திரையில் வருகிறது. எந்த அடுக்கில் எத்தனை இருக்கை என்பதை, விற்பனை வேகத்தைப் பார்த்து நிறுவனத்தின் மென்பொருள் கூட்டியும் குறைத்தும் வைக்கிறது. தீபாவளிக்கு முந்தைய இரவில் ஆம்னி பஸ் கட்டணத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் தோராயமான வடிவம் தெரிந்ததுதான். விமானத்தில் அது ஆண்டு முழுவதும் நடக்கிறது.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

1. நால்வருக்குச் சேர்த்துத் தேடும்போது, கீழடுக்கில் இரண்டு இருக்கைகள்தான் மிச்சம் என்றால், பெரும்பாலான அமைப்புகள் நால்வருக்கும் மேலடுக்கு விலையையே காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் இருவர் இருவராக வாங்கலாம். குழந்தைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
2. தேடித் தேடிப் பார்ப்பதால் விலை ஏறுகிறது, உலாவியின் நினைவை அழித்தால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அடுக்கு தீர்ந்துபோவதும், தேடல் தளம் முன்பு சேமித்த பழைய விலையைக் காட்டிவிட்டு வாங்கப் போகும்போது புதியதைக் காட்டுவதுமே இந்த அனுபவத்துக்குப் போதுமான விளக்கம். செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு என்பதும் இதே ரகம். எந்தக் கிழமையில் பறக்கிறோம் என்பதுதான் விலையை மாற்றும்.
3. முழுச்சேவை நிறுவனங்கள் (பெட்டி, சாப்பாட்டை விலையிலேயே பெரும்பாலும் அடக்குபவை) போகவரும் டிக்கெட்டுக்கெனத் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. ஒருவழி டிக்கெட் அதன் பாதியாக இருக்காது. மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஒவ்வொரு பறப்பையும் தனித்தனியாக விற்கின்றன. எனவே இரண்டு வகையையும் ஒரே முறையில் தேடினால் ஒன்றைக் கோட்டைவிடுவோம்.

ஒரே டிக்கெட்டா, துண்டு டிக்கெட்டுகளா?

முழுக் கட்டுரையிலும் பணம் அதிகமாகப் புரளும் இடம் இது.

ஒரே டிக்கெட் என்றால் சென்னை முதல் டோக்கியோ வரை ஒரே பதிவு. சென்னையில் பெட்டியைக் கொடுத்தால் டோக்கியோவில் எடுத்துக்கொள்ளலாம். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு.

துண்டு டிக்கெட் என்றால் சென்னை–பாங்காக் ஒரு நிறுவனம், பாங்காக்–டோக்கியோ இன்னொரு நிறுவனம். இரண்டுக்கும் ஒன்றோடொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. பாங்காக்கில் இறங்கி, குடிவரவுச் சோதனையைக் கடந்து தாய்லாந்துக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி வரிசையில் நின்று பெட்டியைக் கொடுத்து, மறுபடி சோதனை தாண்டி ஏற வேண்டும். முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. அந்த டிக்கெட் காலாவதி.

துண்டு டிக்கெட்டின் மலிவு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறது. இணைப்பைத் தவறவிடும் அபாயத்தை நிறுவனம் சுமந்த வரை அதற்கான விலை டிக்கெட்டுக்குள் இருந்தது. அதை நீங்கள் சுமக்கச் சம்மதித்ததும் அந்தத் தொகை டிக்கெட்டிலிருந்து கழிகிறது. ஆக, தள்ளுபடி என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் காப்பீட்டுத் தொகை.

அதை எண்ணாகப் பார்க்கலாம். தவறவிட்டால் கடைசி நேரத்தில் புது டிக்கெட்டுக்கு ரூ.25,000 ஆகும் என்றும், தவறவிடும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி இழப்பு ரூ.1,250. துண்டு டிக்கெட்டில் ரூ.6,000 மிச்சமானால் லாபம்தான். ஆனால் சராசரியை யாரும் செலுத்துவதில்லை. பத்தொன்பது பேர் ஒன்றும் இழப்பதில்லை. இருபதாவது ஆள் ரூ.25,000 கொடுக்கிறார். கையில் அந்தப் பணம் இல்லாத மாணவர், மறுநாள் காலை வேலையில் சேர வேண்டியவர், முதியோரை அழைத்துச் செல்பவர் ஆகியோருக்குத் துண்டு டிக்கெட் மலிவு அல்ல. இடையில் ஒரு நாள் தங்கி ஊர் பார்க்கத் திட்டமிட்டிருப்பவருக்கு அபாயம் அநேகமாகப் பூஜ்யம். அவருக்கு அது உண்மையிலேயே மலிவு.

நடுவழி நகரங்கள்

துண்டு டிக்கெட் வாங்குவதென்றால் நடுவழி நகரத்தின் நிலவியலும் விசா விதியும் டிக்கெட் விலைக்குச் சமமான முக்கியம் பெறுகின்றன.

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். சென்னையிலிருந்து தாய் ஏர்ஏஷியா போய் இறங்குவது டான் முவாங். ஜப்பானின் ஜிப்ஏர் (ஜப்பான் ஏர்லைன்ஸின் மலிவுக் கட்டணத் துணை நிறுவனம்) நரிட்டாவுக்குக் கிளம்புவது சுவர்ணபூமியிலிருந்து. இரண்டுக்கும் இடையே சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் இலவச பஸ் உண்டு. பாங்காக் போக்குவரத்து நெரிசலுக்கு விலக்கு எதுவும் கிடையாது. தேடல் தளம் இரண்டையும் ஒட்டிவைத்து நான்கு மணி நேர இடைவெளி என்று காட்டினால், அதை நான்கு மணி நேரம் என்று எண்ணக் கூடாது. இறங்குவது, குடிவரவு வரிசை, பெட்டி, சாலைப் பயணம், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும் பெட்டி கவுண்ட்டர் எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். நிலையம் மாற வேண்டியிருந்தால் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக வைத்துக்கொள்வது வீண் துணிச்சல் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

கோலாலம்பூரில் நிலையம் ஒன்று, முனையம் இரண்டு. ஏர்ஏஷியா குழும விமானங்கள் 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாம் முனையத்தில். பிற பெரிய நிறுவனங்கள் முதல் முனையத்தில். இரண்டையும் இணைக்கும் ரயில் குடிவரவுச் சோதனைக்கு வெளியே ஓடுகிறது. முனையம் மாறும் துண்டு டிக்கெட் பயணி மலேசியாவுக்குள் நுழைந்தே தீர வேண்டும். ஏர்ஏஷியாவில் வந்து ஏர்ஏஷியா எக்ஸில் டோக்கியோ போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் இரண்டையும் ஒரே இணைப்புப் பயணமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அதே இரண்டு விமானங்களைத் தனித்தனியாக வாங்கினால் சில நாட்களில் சற்று மலிவாக வரும். அந்தச் சில நூறு ரூபாய்க்காகப் பெட்டி நேராகப் போகும் வசதியையும் தாமதப் பாதுகாப்பையும் விட்டுக்கொடுப்பது வீண்.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது. அதற்கு முன்பு, விசாச் செலவைக் கூட்டினால் கோலாலம்பூர் வழித் துண்டு டிக்கெட்டுகள் பெரும்பாலும் மலிவே அல்ல. ஒரு நாட்டின் சுற்றுலாக் கொள்கை, வேறொரு நாட்டுக்குப் போகும் வழியின் விலையை மாற்றிவிட்டது. இப்போதும் வருகைக்கு முன் மின்னணுப் படிவம் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே முதல் அப்படியொரு படிவத்தைக் கேட்கிறது. இத்தகைய விசா விலக்குகள் காலவரம்போடு வருபவை, நீட்டிக்கப்படலாம், சுருக்கப்படலாம். டிக்கெட் வாங்கும் நாளில் அந்தந்த நாட்டின் அதிகாரத் தளத்தில் பார்ப்பது கட்டாயம்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. உள்ளே நுழைய இந்தியர்களுக்கு விசா வேண்டும். ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால் 96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கிச் செல்லும் வசதி நிபந்தனைகளோடு உண்டு. ஒரே டிக்கெட்டில் அங்குள்ள சாங்கி விமான நிலையத்தைக் கடப்பவருக்கு எதுவும் தேவையில்லை. எனவே சிங்கப்பூர் வழி என்றால் ஒரே டிக்கெட்டே பொருத்தம்.

பெட்டி தீர்மானிக்கும் விலை

மலிவுக் கட்டண நிறுவனத்தின் அடிப்படை விலை, இருக்கை மட்டும். ஏர்ஏஷியாவிலும் ஜிப்ஏரிலும் கையில் 7 கிலோ, ஸ்கூட்டில் 10 கிலோ. பெட்டி, சாப்பாடு, இருக்கைத் தேர்வு எல்லாம் தனி. முழுச்சேவை நிறுவனத்தின் டிக்கெட்டில் பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ வரை பெட்டியும் சாப்பாடும் அடக்கம். துண்டு டிக்கெட்டில் பெட்டிக்கு ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். போகவர மொத்தம் நான்கு முறை.

கீழே இருப்பவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகள், சந்தை விலை அல்ல.

1. முழுச்சேவை, ஒரே டிக்கெட், போகவர: ரூ.46,000. பெட்டி, சாப்பாடு உள்ளடக்கம்.
2. மலிவுக் கட்டணத் துண்டு டிக்கெட்டுகள், போகவர: 14,000 + 19,000 = ரூ.33,000. இதுவரை ரூ.13,000 லாபம்.
3. நான்கு பறப்புக்கும் 20 கிலோ பெட்டி, தலா 2,500: ரூ.10,000. லாபம் 3,000 ஆகச் சுருங்குகிறது.
4. நடுவழியில் ஓர் இரவு அறையும் சாப்பாடும்: ரூ.3,500. இப்போது ரூ.500 நஷ்டம்.

கையில் 7 கிலோவோடு போகிற இளைஞருக்கு இரண்டாம் வரியே கடைசி வரி. ஜப்பானில் வேலைக்குப் போகும் மகனுக்கு அரிசி, பருப்பு, புளி, பொடி வகைகளைக் கட்டி அனுப்பும் குடும்பத்துக்கு நான்காம் வரியையும் தாண்டும். தேடல் தளம் இருவருக்கும் காட்டுவது ஒரே விலையைத்தான். பெட்டி வேண்டுமென்று தெரிந்தால் பதிவின்போதே சேர்த்துவிட வேண்டும். கவுண்ட்டரில் கேட்கும் தொகை கண்ணைக் கட்டும்.

இறங்கிய பின்னும் கணக்கு ஓடுகிறது. நரிட்டா டோக்கியோ மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். விரைவு ரயிலுக்கு 3,000 யென் அளவு, மலிவு பஸ்ஸுக்கு அதில் பாதி. டோக்கியோவின் இன்னொரு நிலையமான ஹனேடா, நகர மையத்துக்கு அருகில். ஆனால் மலிவு விமானங்கள் அங்கே பின்னிரவில் இறங்குவதுண்டு. நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயிலை விட்டால் டாக்ஸிதான். இரவு பத்து மணிக்கு மேல் அதன் கட்டணமும் கூடுதல். முதல் ரயில் வரை விமான நிலைய இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், வயதைப் பொறுத்து.

ஊரை நகர்த்திப் பார்த்தல்

சென்னை, டோக்கியோ என்ற இரண்டு பெயர்களையும் இறுகப் பிடிக்காமல் இருந்தால் இன்னும் சில கதவுகள் திறக்கும்.

திருச்சி இதில் முக்கியமானது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட்டும் கோலாலம்பூருக்கு ஏர்ஏஷியாவும் நெடுங்காலமாகப் பறக்கின்றன. ஸ்கூட் நரிட்டாவுக்கும் போவதால், திருச்சி–சிங்கப்பூர்–டோக்கியோ ஒரே மலிவுக் கட்டண டிக்கெட்டில் கிடைக்கும். மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்தவர்கள் சென்னைக்கு வருவதே வீண் செலவாக இருக்கலாம். 2023 நவம்பரில் வியட்நாமின் வியட்ஜெட் நிறுவனம் ஹோ சி மின் நகரிலிருந்து திருச்சிக்கு வந்தது. ஒரு புதிய போட்டியாளர் வரும்போது அந்த ஊரின் விலைப்பட்டியல் சில மாதங்களுக்காவது அசையும். பெங்களூரிலிருந்து நரிட்டாவுக்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் நேரடியாகப் பறக்கிறது. சென்னையிலிருந்து ரயிலில் பெங்களூர் போய் ஏறுவதையும் விலையோடு ஒப்பிடலாம்.

மறுமுனையில் ஒசாகா. கோலாலம்பூரிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் ஒசாகாவின் கான்சாய் நிலையத்துக்கு மலிவு விமானங்கள் உண்டு. ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் சுமார் 14,000 யென். அது மிச்சத்தை விழுங்கிவிடும். இரவு பஸ்ஸில் அதைவிட வெகு மலிவு. சுற்றுலாவுக்குப் போகிறவர் எப்படியும் கியோட்டோ, ஒசாகா பார்ப்பார் என்றால், ஒசாகாவில் இறங்கி டோக்கியோவிலிருந்து திரும்பும் டிக்கெட் ஒரு ஷிங்கன்சென் கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

டோக்கியோவில் வசிப்பவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. கட்டணம், பயணம் தொடங்கும் நாட்டைப் பொறுத்தது. டோக்கியோ–சென்னை–டோக்கியோவும் சென்னை–டோக்கியோ–சென்னையும் ஒரே விமானங்களானாலும் வெவ்வேறு விலை. ஜப்பானிய நிறுவனங்களின் எரிபொருள் கூடுதல் கட்டணம்கூட டிக்கெட் வாங்கும் நாட்டுக்கேற்ப மாறுகிறது. ஆண்டுக்கு இரு முறை ஊருக்கு வருபவர் இரண்டு திசையிலும் விலை பார்க்க வேண்டும்.

தரைவழி, கடல்வழி பற்றியும் கேட்பவர்கள் உண்டு. தென்கொரியாவின் பூசானிலிருந்து ஜப்பானின் ஷிமோனோசெகிக்கு இரவுக் கப்பல் இருக்கிறது. பூசான் வரை போக எப்படியும் விமானமும் கொரிய விசாவும் வேண்டும். அனுபவத்துக்குப் போகலாம், மலிவுக்கு அல்ல.

நாள்காட்டி மூன்று

விலையேறும் காலம் என்றதும் ஜப்பானிய நாள்காட்டி நினைவுக்கு வரும்: மார்ச் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை செர்ரி மலர்ச்சி, ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரை தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு. நம் பக்கம் ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. இந்த இரண்டையும் தவிர்த்தபின்னும் விலை இறங்கவில்லை என்றால், பலரும் பார்க்க மறப்பது நடுவழி நகரத்தின் நாள்காட்டியை.

ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் டோக்கியோவுக்கு மந்தமான காலம். ஆனால் சீனப் புத்தாண்டு பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் விடுமுறைக்கு ஜப்பானுக்குக் கிளம்புகிறார்கள். உங்கள் இரண்டாம் விமானம் நிறைந்துவிடுகிறது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் மலேசியத் தமிழர்களும் சிங்கப்பூர்த் தமிழர்களும் இங்கே வந்துபோவதால் முதல் விமானம் நிறைகிறது. அந்த வாரங்களில் மட்டும் ஹாங்காங் அல்லது கொழும்பு வழி மலிவாகத் தெரிந்தால் வியப்பில்லை.

தேடும் கருவிகளின் எல்லை

கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்றவை எல்லாவற்றையும் தேடிவிடுகின்றன என்பது பொதுவான நினைப்பு. கூகுளின் தேடலுக்கு அடித்தளம், அது 2011-இல் வாங்கி முடித்த ஐடிஏ சாஃப்ட்வேர் என்ற நிறுவனம். அதன் கணினி அறிஞர் கார்ல் டி மார்க்கன் இந்தத் துறையை உள்ளிருந்து ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்: கட்டண விதிகளை முழுப் பொதுமையில் எடுத்துக்கொண்டால், மிக மலிவான டிக்கெட் இதுதான் என்று எல்லா நிலையிலும் உறுதியாகச் சொல்லும் நிரலை எழுதவே முடியாது. நடைமுறையிலும் விமானச் சேர்க்கைகளும் அவற்றின்மேல் கட்டண விதிச் சேர்க்கைகளும் தேடித் தீராத அளவுக்குப் பெருகுகின்றன. ஆகவே எந்தத் தளமும் ஒரு பகுதியைத்தான் தேடுகிறது. சில மலிவுக் கட்டண நிறுவனங்கள் சில தளங்களில் வருவதே இல்லை.

கடைசி ஊர்வரை டிக்கெட் வாங்கி நடுவில் இறங்கிக்கொள்ளும் தந்திரம் பற்றி ஒரு வரி. அதைக் கண்டுபிடித்துத் தரும் ஸ்கிப்லேக்டு தளத்தின் மீது அமெரிக்க நிறுவனங்கள் 2014-லும் 2023-லும் வழக்குத் தொடுத்தன. நம் பயணத்தில் அது பெரும்பாலும் உதவாது: பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும், ஒரு பறப்பைத் தவிர்த்தால் டிக்கெட்டின் மீதிப் பகுதி ரத்தாகும், கடைசி ஊருக்கான விசாவைச் சென்னைக் கவுண்ட்டரிலேயே கேட்பார்கள்.

தேடும் வரிசை

1. ஒருவருக்கு மட்டும், ஒரு மாத நாட்காட்டிப் பார்வையில், சென்னை–டோக்கியோ ஒரே டிக்கெட் போகவர விலையைப் பாருங்கள். டோக்கியோ என்பதில் நரிட்டா, ஹனேடா இரண்டும் சேர வேண்டும். உங்களுக்கு வேண்டிய பெட்டியையும் சேர்த்த விலையை எழுதிக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதோடுதான் ஒப்பிடப்படும்.
2. திருச்சி, பெங்களூர், ஒசாகா ஆகியவற்றை மாற்றிப் போட்டுப் பார்த்து, ரயில் அல்லது பஸ் செலவைக் கூட்டுங்கள்.
3. கோலாலம்பூர், பாங்காக் ஆகிய இரண்டுக்கும் துண்டு டிக்கெட் விலையைப் பெட்டியோடு பாருங்கள். வித்தியாசம் ஐயாயிரம் ரூபாய்க்குள் என்றால், அங்கே தங்கும் எண்ணம் இல்லாதவர் முதல் வரிக்கே திரும்பலாம்.
4. தேர்ந்தெடுத்ததை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் சரிபாருங்கள். இடைத்தரகர் தளத்தில் முந்நூறு ரூபாய் குறைந்தாலும், தேதி மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ நேரும்போது விமான நிறுவனம் அவர்களையும் அவர்கள் விமான நிறுவனத்தையும் கைகாட்டுவார்கள்.
5. துண்டு டிக்கெட்தான் என்று முடிவானால், விலை குறைவாக இருக்கும் பறப்பை அல்ல, இருக்கை வேகமாகத் தீரும் பறப்பை முதலில் வாங்குங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் அது கோலாலம்பூர்–டோக்கியோ. தீபாவளி வாரத்தில் சென்னைப் பக்கத்துப் பறப்பு. இரண்டையும் ஒரே அமர்வில் வாங்கி முடிப்பது இன்னும் நல்லது.